நெல்லுக்கு இறங்கி நடந்தவர்கள்

இந்தச் சுகாதார நிலையத்துக்குப் புதிதாக வரப்போகிற இரண்டு பெண்களுக்கு இதை எழுதுகிறேன். உங்கள் முகம் எனக்குத் தெரியாது. பயிற்சி முடித்த கையோடு வருகிறீர்கள் என்று மட்டும் சொன்னார்கள். எனக்கு இரண்டாவது பிரசவம் நெருங்குகிறது, வேலையை விட்டுவிட்டேன். விட்டது சரிதானா என்று காலையில் ஒரு மாதிரியும் மாலையில் ஒரு மாதிரியும் தோன்றுகிறது. விட்டுப் போகிறவள் வரப்போகிறவர்களுக்குப் புத்தி சொல்லலாமா என்றும் தோன்றுகிறது. ஆனாலும் மருந்து அலமாரிச் சாவியைக் கொடுத்ததோடு என் கடமை முடிந்துவிட்டதாக நினைக்க முடியவில்லை.

பிரசவம் பார்ப்பதும் அம்மை குத்துவதும் உங்களுக்குக் கற்றுத் தந்திருப்பார்கள். அதில் நான் சொல்ல ஒன்றுமில்லை. நான் சொல்ல வந்தது நிலையத்து வாசலுக்கு முன்னால் ஓடும் ரோட்டைப் பற்றி. நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரிக்குப் போகும் ரோடு அது. கொட்டாரத்துக்குச் சற்று முன்னால் நம் ஊர். ரோட்டுக்குத் தெற்கே வயல், வடக்கே வரிசையாகச் சந்துகள். வயலில் தண்ணீர் நிற்கும். சந்துக்குள் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். பிள்ளைகள் விளையாட இடம் என்று இருப்பது சந்து ரோட்டில் வந்து முடிகிற அந்த முக்கு மட்டும்தான். இதை முதலில் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளை ஏன் ரோட்டில் விடுகிறார்கள் என்று உங்களிடம் கேட்கப் பல பேர் வருவார்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இதுவரை நமக்கு உத்தரவெல்லாம் திருவனந்தபுரத்திலிருந்து வந்தது. நம் தாலுகா சென்னை ராஜ்யத்தோடு சேர்வதால் இனிமேல் அங்கிருந்து வரும் என்கிறார்கள். காகிதத்தின் தலைப்பு மாறும். ஆனால் ஓர் உத்தரவு மட்டும் எந்த ராஜ்யத்திலிருந்து வந்தாலும் மாறாது என்று எனக்குப் பயமாக இருக்கிறது. அது எப்படி வந்தது என்பதைத்தான் எழுதப்போகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இந்த ரோட்டில் மாட்டுவண்டியும் சைக்கிளும் எப்போதாவது ஒரு பஸ்ஸும்தான் ஓடும். பிறகு மோட்டார் சைக்கிள் வந்தது. சாதாரணச் சைக்கிளிலேயே சின்ன மோட்டாரை வைத்துப் பூட்டிய வண்டி வந்தது. கடைசியாக ஸ்கூட்டர். வண்டிகள் வந்ததில் எனக்கு வருத்தமில்லை. நானே வெயிலில் குடையைப் பிடித்துக்கொண்டு ஊர் ஊராக நடந்தவள். அப்படி ஒரு வண்டி எனக்கு இருந்தால் எவ்வளவு சௌகரியம் என்று நினைத்ததுண்டு. வருத்தம் அவற்றை ஓட்டி வந்தவர்களின் வேகத்தில். நாகர்கோவிலில் சாவகாசமாகக் காப்பி குடித்துவிட்டு, நேரமாகிவிட்டது என்று தெரிந்த பிறகு கிளம்புவார்கள். கன்னியாகுமரியில் சூரியன் கடலில் விழுவதைப் பார்க்க வேண்டும். பிள்ளைகள் முக்கில் விளையாடுகிற நேரமும் அதுதான்.

எங்கள் ஊரில் தாணம்மை என்று ஒருத்தி. நெல்லை வாங்கி அவித்துக் காயவைத்துக் குத்தி அரிசியாக்கி விற்பவள். அவள் மகள் உமை. பள்ளிக்கூடத்தில் அப்போதுதான் சேர்ந்திருந்த பிள்ளை. ஒரு சித்திரை மாத மாலை, உமையை ஸ்கூட்டர் ஒன்று இடித்துவிட்டது என்று நிலையத்துக்கு ஆள் ஓடி வந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது கூட்டம் கூடிவிட்டது. பிள்ளை மண்ணில் கிடந்தாள். கால் பிசகியிருந்த விதத்தைப் பார்த்ததுமே எலும்பு போய்விட்டது என்று தெரிந்தது. கூட்டத்தில் ஒருவரும் பிள்ளையைப் பார்க்கவில்லை; பெற்றவளைத்தான் தேடினார்கள்.

“தள்ளைக்காரி எங்க போனா?”

“கெணத்தடியில கதை பேசிட்டு நிப்பா.”

“பெத்துப் போட்டாப் போதுமா? பாக்காண்டாமா?”

தாணம்மை கிணற்றடியிலிருந்து ஈரக் கையோடு ஓடி வந்தாள். பிள்ளையைத் தொடுவதற்கு முன்னால் அவள் கணவனின் அண்ணன் அவள் கன்னத்தில் அறைந்தார். ஊர் அதைப் பார்த்து, ஆக வேண்டியது ஆகிவிட்டது என்பதுபோல் சற்று அமைதியானது.

ஸ்கூட்டரில் வந்தவன் எங்கே என்று தேடினேன். ரோட்டுக்கு அடியில் ஓடை போகிற கலுங்கின் கல் சுவரில் உட்கார்ந்திருந்தான். நாகர்கோவிலில் அரிசி மில் வைத்திருப்பவரின் மகன்; ஊரில் எல்லோரும் அவனை மில் வீட்டுத் தம்பி என்பார்கள். அவனுக்கு யாரோ சோடா உடைத்துக் கொடுத்திருந்தார்கள். இரண்டு பேர் அவன் வண்டியை நிமிர்த்தி வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

“வண்டிக்கு ஒண்ணும் இல்லல்லா, தம்பி?”

“வெளக்கு கொஞ்சம் ஒடுங்கியிருக்கு” என்றான்.

நான் தென்னமட்டை ஒன்றைக் கீறச் சொல்லி, பிள்ளையின் காலை அதில் வைத்துக் கட்டினேன். எலும்பு வைத்துக் கட்டுகிற ஆசானிடம் கொண்டுபோகலாம் என்று ஒரு கூட்டமும் பெரிய ஆஸ்பத்திரிக்கு என்று ஒரு கூட்டமும் இழுத்தன. அடுத்து வரும் பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குத்தான் என்று நான் தீர்த்துச் சொன்னேன். பஸ் வரும் வரை நேரம் இருந்தது. தாணம்மை பிள்ளையின் தலைமாட்டில் உட்கார்ந்து, அறை வாங்கிய கன்னத்தைத் தடவிக்கூடப் பார்க்காமல் இருந்தாள். அப்போதுதான் கேட்டேன்.

“தம்பி, என்ன வேகத்துல வந்தீங்க?”

அவன் நிமிர்ந்து பார்த்தான். “பிள்ள குறுக்க ஓடி வந்துட்டு, நர்ஸம்மா.”

“நான் பிள்ளையப் பத்திக் கேக்கல்ல. நீங்க வந்த வேகத்தக் கேக்கேன்.”

பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர்தான் பேசினார். “அதெல்லாம் இப்பம் எதுக்கும்மா? பாவம், ஆளு அரண்டு போயிருக்காரு.”

பாவம் என்ற சொல் அன்று அந்த இடத்தில் அவன் ஒருவனுக்குத்தான் கிடைத்தது.

உமை பிழைத்தாள். கால் கூடியது, ஆனால் சற்றுக் குட்டையாகக் கூடியது. இன்றும் இழுத்துத்தான் நடப்பாள்.

கொஞ்ச நாளில் எங்கள் மேலதிகாரி வந்தார். நடந்ததை யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள். ஒவ்வொரு வீடாகப் போய்த் தாய்மாருக்கு எடுத்துச் சொல்ல வேண்டும் என்றார். சாயங்கால வேளையில் பிள்ளைகளை வீட்டுக்குள் வைத்துக்கொள்ள வேண்டும். வேலை இருந்தால் பிள்ளையின் இடுப்பில் துணியைக் கட்டித் தூணில் பிணைத்துவிட்டு வேலையைப் பார்க்கலாம். இதுதான் உத்தரவு.

“வேகமா வாறவங்ககிட்ட யாரு சொல்லுறது, சார்?” என்று கேட்டேன்.

“அது நம்ம இலாகா இல்லையே” என்றார். கெட்ட மனிதர் இல்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

எனக்குப் பயிற்சி நாட்களில் பாடம் எடுத்த ஸிஸ்டர் ஒருவர் உண்டு. அவர் சொன்னது அப்போது நினைவுக்கு வந்தது. ஓர் ஊரில் வாந்திபேதி வந்தால் முதலில் கிணற்றைப் பாருங்கள், குடித்தவளைத் திட்டாதீர்கள் என்பார். கிணற்றில் மருந்து போடாமல், ஏன் தண்ணீர் குடித்தாய் என்று கேட்கிறவள் இந்த வேலைக்கு லாயக்கில்லை என்பார். இந்த ரோட்டுக்கு மட்டும் ஏன் அந்தப் பாடம் இல்லை? இதை நான் அதிகாரியிடம் சொல்லவில்லை. மனத்துக்குள் சொல்லிக்கொண்டேன். உத்தரவு உத்தரவுதானே என்று அடுத்த நாளே வீடு வீடாகப் போனேன்.

தாணம்மை வீட்டுக்குக் கடைசியாகப் போனேன். அவள் நெல் அவித்துக்கொண்டிருந்தாள். உமை சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து பழகினாள். நான் சொன்னதையெல்லாம் தாணம்மை குறுக்கே பேசாமல் கேட்டாள்.

“தூணுல கெட்டணுமா?”

“அப்படித்தான் சொல்லச் சொல்லியிருக்காங்க.”

“கன்னுக்குட்டியத்தான் நாங்க கெட்டுவோம். அதையும் சாயங்காலம் அவுத்து விட்டுருவோம்.” அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டுக் கேட்டாள்: “நீங்க வீடு வீடா இதச் சொல்லுதியளே, நர்ஸம்மா, இப்பம் உங்க பிள்ள எங்க? கெட்டிப் போட்டுட்டா வந்திருக்கிய?”

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டதுபோல்தான் இருந்தது.

என் மகனுக்கு அப்போது மூன்று வயதுகூட நிறையவில்லை. நாங்கள் குடியிருந்த வீடும் அதே ரோட்டுச் சந்தில்தான். என் கணவருக்குக் கீரிப்பாறை ரப்பர் எஸ்டேட் ஆபீஸில் வேலை; சனிக்கிழமைதான் வருவார். பகலில் பிள்ளையை அவருடைய அக்காள் பார்த்துக்கொள்வார். அன்று தாணம்மை வீட்டிலிருந்து நடையை எட்டிப் போட்டு வந்தேன். எங்கள் சந்து முக்கில் என் மகன் ஒரு தேங்காய்ச் சிரட்டையை வைத்து மண் அள்ளிக்கொண்டிருந்தான். பின்னாலிருந்து மோட்டார் சைக்கிள் சத்தம். நான் கூப்பிட வாயைத் திறந்தேன். கூப்பிட்டால் எழுந்து என்னைப் பார்த்து ஓடி வருவானே, குறுக்கே வந்துவிடுவானே என்று வாயை மூடிக்கொண்டேன். வண்டி போயிற்று. அதன் காற்றில் அவன் சட்டை தூக்கிப் பறந்து முகத்தை மூடியது. அவன் அதைப் பெரிய வேடிக்கையாக நினைத்துச் சிரித்தான்.

அன்று கூப்பிட்டிருக்க வேண்டுமா, கூப்பிடாமல் இருந்தது சரியா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

கணவரின் அக்காள் உள்ளே கஞ்சி வடித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். “நீ வேலை வேலைன்னு போயிட்டா நான் ஒருத்தி எத்தன பக்கம் பாக்க?” என்றார். அவர் கேட்டது நியாயம்தான். சனிக்கிழமை கணவரிடம் சொன்னேன். “நீ கொஞ்சம் சீக்கிரமா வரப்பிடாதா?” என்றார். அதுவும் நியாயமாகத்தான் தோன்றியது. ஆனால் அந்த மோட்டார் சைக்கிள்காரனை ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவன் ஊர் பெயர்கூடத் தெரியாது. கைக்கு எட்டிய ஆள் நான். ஆகவே கேள்வி என்னிடம் வந்தது. தாணம்மையின் கன்னத்தில் விழுந்தது எனக்குச் சொல்லாக விழுந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

அடுத்த மாசியில் கும்பப்பூ நெல் அறுவடை. பண்ணை வீடுகளின் நெல்லை ரோட்டின் ஒரு பாதியில் காயப்போட்டிருந்தார்கள். ஒரு நாள் நான் நிலையத்தைப் பூட்டிக்கொண்டிருந்தபோது மில் வீட்டுத் தம்பியின் ஸ்கூட்டர் சத்தம் தூரத்தில் கேட்டது. அந்தச் சத்தம் எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் சத்தம் தாழ்ந்தது. பிறகு நின்றே போனது. எட்டிப் பார்த்தேன்.

அவன் வண்டியை விட்டு இறங்கியிருந்தான். எதிரே பஸ் ஒன்று வந்ததால் வண்டிக்கு வழியில்லை; நெல்லின் ஓரமாகத்தான் போக வேண்டும். காலில் இருந்த செருப்பைக் கழற்றி வண்டியில் மாட்டிக்கொண்டு, வெறுங்காலோடு, ஒரு மணிகூட மிதிபடாமல் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். நம் பக்கத்தில் இது அதிசயமில்லை. நெல்லைச் செருப்புக் காலால் மிதிக்க எவனுக்கும் மனம் வராது. பஸ் டிரைவர்கூட ஒரு பக்கச் சக்கரத்தை மண்ணில் இறக்கித்தான் ஓட்டுவார். எனக்கும் சிறு வயதிலிருந்து அப்படித்தான் சொல்லித் தந்தார்கள். அன்றுதான் அதைப் பார்த்து எனக்கு ஆத்திரம் வந்தது. ரோட்டில் இறங்கி அவன் முன்னால் போய் நின்றேன்.

“எதுக்கு இறங்கினீங்க?”

“நெல்லுல்லா கெடக்கு” என்றான், இது என்ன கேள்வி என்பதுபோல்.

“தூரத்துலயே தெரிஞ்சுதா?”

“பின்ன? மஞ்சளா கெடக்குல்லா.”

“இந்த இடத்துலதான் உமை விளையாடிட்டு நின்னா. அவ சிவப்புப் பாவாடை உடுத்தியிருந்தா. அது தெரியலையா?”

அவன் முகம் சுருங்கியது. ஆனாலும் விடவில்லை. “நெல்லு ஓடாது, நர்ஸம்மா. பிள்ளைங்க ஓடும்.”

“ஓடும்னு தெரியும்லா. தெரிஞ்சா பைய வந்தா என்ன?”

“சூரியன் எங்களுக்காவ நிக்குமா?” என்று சிரித்தான்.

“நாளைக்கும் விழும், தம்பி. நேத்தும் விழுந்துது.”

அவன் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டான். நெல் முடிந்த இடத்தில் செருப்பைப் போட்டு, ஏறி, பறந்தான்.

நான் நேராகத் தாணம்மை வீட்டுக்குப் போனேன். பார்த்ததைச் சொன்னேன். மறுநாளிலிருந்து சாயங்காலம் அவள் அவித்த நெல்லை ஓலைப்பாயில் கட்டி எடுத்துவந்து, சந்து முக்குக்கு இரு பக்கமும் ரோட்டில் விரித்தாள். மற்ற பெண்களும் தங்கள் வீட்டு நெல்லைக் கொண்டுவந்தார்கள். வெயில் தாழ்ந்த பிறகு எவராவது நெல் காயப்போடுவார்களா என்று ஆண்கள் கேலி செய்தார்கள்.

“நெலா வெளிச்சத்துல காயவைக்கப் போறாளுவ போல” என்றார் டீக்கடைக்காரர்.

“உமக்கென்ன வேய், உம்ம டீயத்தான் நாங்க வெயில்ல வைக்கல்லல்லா” என்றாள் தாணம்மை.

வண்டிகள் மெதுவாக வந்தன. சிலர் இறங்கினார்கள். சிலர் காலை ஊன்றி ஊன்றி ஓரமாக நகர்ந்தார்கள். பிள்ளைகள் நெல்லுக்கு நடுவே, நெல்லின் காவலில், விளையாடினார்கள். பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. சந்தோஷப்பட எனக்கு வெட்கமாகவும் இருந்தது.

இதோடு முடிந்திருந்தால் உங்களுக்கு எழுத வேண்டியதில்லை. அடுத்துவந்த ஆனி மாதத்தில் வீடுகளில் நெல் பத்தாயங்கள் காலியாகிவிட்டன. அடுத்த போகமான கன்னிப்பூவை அறுக்க இன்னும் நாள் இருந்தது. தாணம்மைக்கும் அவிக்க நெல் கிடைக்கவில்லை. பாய்கள் சுருண்டன. ரோடு வெறுமையானதும் வண்டிகள் பழையபடி பறந்தன. ஒரு நாள் மில் வீட்டுத் தம்பியின் ஸ்கூட்டருக்குப் பயந்து உமை வயல் ஓடைக்குள் விழுந்தாள். மற்றப் பிள்ளைகள் ஓடிவிட்டார்கள். அவளால் ஓட முடியவில்லை. காயம் பெரிதில்லை. ஆனால் அவன் நிற்கவில்லை. திரும்பிப் பார்க்கவும் இல்லை என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

மறுநாள் சாயங்காலம் நான் வேலை முடிந்து வந்தபோது சந்து முக்கில் பெண்கள் கூடி நின்றார்கள். பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அதைப் பார்த்ததுமே எனக்கு ஏதோ போல் இருந்தது. கலுங்கை ஒட்டி ரோடு வளைகிற இடத்தில் வைக்கோலைப் பரப்பி, அதன்மேல் குடம் குடமாகத் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தாள் தாணம்மை.

உங்களுக்கு வயல் ஊர் பழக்கமில்லை என்றால் சொல்கிறேன். வைக்கோலுக்கு யாரும் இறங்க மாட்டார்கள். அதன்மேல் ஏற்றிக்கொண்டுதான் போவார்கள். காய்ந்த வைக்கோலிலேயே சக்கரம் வழுக்கும். நனைந்தது எண்ணெய் மாதிரி. அந்த வளைவில், அந்த வேகத்தில், வழுக்கினால் நேரே கலுங்குக் கல்லில்தான் தலை போய் மோதும்.

“அக்கா, என்ன செய்யுதிய?”

“ரோட்டக் குளிப்பாட்டுதோம்” என்றாள் ஒருத்தி. யாரும் சிரிக்கவில்லை.

“வேண்டாம். ஆளு செத்துப்போவான்.”

“சாவட்டும், சவத்துப் பய” என்றாள் தாணம்மை. “நீங்க யாரு பக்கம், நர்ஸம்மா?”

எனக்கு என் மகனின் சட்டை பறந்தது நினைவுக்கு வந்தது. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ளலாம், நான் எதையும் பார்க்கவில்லை என்று இருந்துவிடலாம் என்று தோன்றாமல் இல்லை. அது எத்தனை நேரம் என்று தெரியாது. ஒரு மூச்சு நேரம் இருக்கும்.

“அவன் விழுந்தா நான்தான் கட்டுப் போடணும், அக்கா. நீங்க இல்ல. அத விடுங்க. விழுந்தா ஊரு என்ன கேக்கும்? பொம்பளைங்க சேந்து என்ன செஞ்சாளுவ பாருன்னு கேக்கும். போலீஸ் உங்களத் தேடி வரும். அவன் என்ன வேகத்துல வந்தான்னு அப்பமும் ஒருத்தரும் கேக்கமாட்டாங்க.”

தாணம்மையின் கையில் குடம் அப்படியே நின்றது. யோசித்தாள் என்று நினைக்கிறேன். ஆனால் யாரும் குனிந்து வைக்கோலை அள்ளவில்லை. அப்போது சத்தம் கேட்டது. அதே ஸ்கூட்டர்.

அள்ள நேரமில்லை. நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சத்தம் வந்த பக்கமாக ஓடினேன். வளைவைத் தாண்டி ரோட்டு நடுவில் நின்று குடையை விரித்துப் பிடித்தேன். கறுப்புக் குடை, சூரிய வெளிச்சம் முழுவதும் அதன்மேல் விழுந்தது. இதற்குமேல் தெரியவேண்டும் என்றால் நான் நெல்லாகத்தான் பிறந்திருக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டேன். எனக்கு ஏதாவது ஆனால் பிள்ளைக்கு யார் என்ற நினைவும், இதைச் செய்யாவிட்டால் நான் யார் என்ற நினைவும் ஒன்றாக வந்தன. பிரேக் கிறீச்சிட்டது. கண்ணைத் திறந்தபோது வண்டியின் முன்சக்கரம் குடைக்குக் கீழே இருந்தது.

“உங்களுக்குப் பைத்தியமா?” என்று கத்தினான்.

“அங்க வளைவுல ஈர வைக்கோல் போட்டிருக்கு” என்றேன். “உங்களுக்குத்தான்.”

அவனுக்குப் புரியச் சற்று நேரம் ஆயிற்று. வளைவைப் பார்த்தான், கலுங்கைப் பார்த்தான். முகத்தில் ரத்தம் இல்லை. திரும்பிப் போய்விடுவான் என்று நினைத்தேன்.

“இறங்கித் தள்ளிக்கிட்டு வாங்க. நான் கூட வாறேன்.”

வந்தான். ஏன் வந்தான் என்று எனக்குத் தெரியாது. ஈர வைக்கோலில் வண்டி இழுத்தது. அவன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குனிந்து தள்ளினான். இரு பக்கமும் பெண்கள் நின்றார்கள். எங்கிருந்தோ உமை வந்துவிட்டாள். வீட்டில் நில் என்றால் நிற்கிற பிள்ளையா அவள். காலை இழுத்து இழுத்து வண்டியோடு கூடவே நடந்தாள். அவன் தள்ளிய வேகத்துக்கு அவளால் நடக்க முடிந்தது.

“மாமா, வண்டி கேடாயிட்டா?” என்று கேட்டாள்.

அவன் அவளுடைய காலைப் பார்த்தான். அன்று கலுங்குச் சுவரில் சோடா குடித்தபோது பார்க்காத காலை அப்போதுதான் பார்த்தான் என்று எனக்குத் தோன்றியது. என் பிரமையாகவும் இருக்கலாம்.

வைக்கோல் முடிந்த இடத்தில் தாணம்மை குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். அவன் வண்டியில் ஏறும்போது சொன்னாள்: “பையப் போங்க, தம்பி. கடல எவனும் எடுத்துட்டுப் போகமாட்டான்.”

பிறகு நாங்கள் எல்லோரும் சேர்ந்துதான் வைக்கோலை அள்ளினோம்.

அதன் பிறகு வீட்டுக்கு ஒரு பிடி நெல் என்று எடுத்தோம். அது விற்கவோ அவிக்கவோ அல்ல. வருஷம் முழுவதும் சாயங்காலம் சந்து முக்கில் விரிக்க. நிலையத்துக் கதவுக்குப் பின்னால் சுருட்டி வைத்திருக்கிற ஓலைப்பாயும் பானையில் இருக்கிற நெல்லும் அதுதான். எலி வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடம் விட்டதும் விரிக்க வேண்டும். தாணம்மை வருவாள், நீங்களும் ஒரு கை பிடியுங்கள்.

எங்கள் மேலதிகாரி மறுமுறை வந்தபோது அந்த நெல்லைப் பார்த்தார். விவரத்தைச் சொன்னேன். மிகவும் மெச்சினார். தாய்மார்களுக்கு விழிப்பு வந்துவிட்டது, உங்கள் போதனை பலித்தது என்றார். தாய்மார்கள் என்றைக்குத் தூங்கினார்கள்? விழிக்க வேண்டியவர்கள் வண்டியில் வந்தவர்கள். அதைச் சொல்ல முடியாமல் நின்றேன். பிறகு சொன்னேன். “சார், எங்க ஊரு பிள்ளைங்க நெல்லோட மரியாதையில ஒளிஞ்சிருந்து பிழைக்குது. இதுல மெச்ச என்ன இருக்கு?” அவருக்கு அது பிடிக்கவில்லை. கேட்டுவிட்டுப் போனார். அதிகப்பிரசங்கித்தனம் செய்துவிட்டோமோ என்று அன்று சோறு இறங்கவில்லை. இப்போது கேட்டால், இன்னும் சத்தமாகச் சொல்லியிருக்கலாம் என்பேன்.

உங்களிடமும் அந்த உத்தரவு வரும். பிள்ளைகளை உள்ளே வையுங்கள் என்று தாய்மாரிடம் சொல்லச் சொல்வார்கள். சொல்ல வேண்டியிருந்தால் சொல்லுங்கள். வேலை போய்விடக் கூடாது. ஆனால் அதே நாளில் ரோட்டில் இறங்கி நின்று, ஒரு வண்டிக்காரனையாவது நிறுத்தி, பைய வாருங்கள் என்று சொல்லாமல் வீட்டுக்குப் போகாதீர்கள். ஒரு பிள்ளை அடிபட்டுக் கிடந்தால், கட்டுப் போடும்போதே, ஊர் கேட்க, முதல் கேள்வியாகக் கேளுங்கள்: என்ன வேகத்தில் வந்தீர்? நீங்கள் கேட்காவிட்டால் வேறு யாரும் கேட்கப்போவதில்லை. தள்ளைக்காரி எங்கே என்று கேட்க ஒரு ஊரே இருக்கிறது.

போன வாரம் மழை. ஐப்பசி மழையில் நெல்லை விரிக்க முடியாது. மாலையில் சற்று விட்டது. பிள்ளைகள் தேங்கிய தண்ணீரில் குதிக்க முக்குக்கு வந்துவிட்டார்கள். என் மகனும் அதில் ஒருவன். நான் வேலையை விட்டவள், வயிற்றுப் பிள்ளையோடு வாசலில் நின்றேன். ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. வெறும் ரோடு, ஒரு மணி நெல்கூட இல்லை. சத்தம் தாழ்ந்தது. மில் வீட்டுத் தம்பி பிள்ளைகளை ஒட்டி, நடக்கிறவன் வேகத்தில், தண்ணீர் தெறிக்காமல் கடந்து போனான். என் பக்கம் திரும்பவில்லை. நெல் இல்லாத ரோட்டில் ஒருவன் மெதுவாகப் போனதை நான் அன்றுதான் முதல் முறையாகப் பார்த்தேன்.

அவன் போன கொஞ்ச நேரத்தில் மோட்டார் சைக்கிள் ஒன்று வந்தது. இரண்டு பேர், தெரியாத முகங்கள். சேற்றுத் தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டு போனார்கள். பிள்ளைகள் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். உமைதான் கடைசியாக ஒதுங்கினாள். பின்னால் இன்னொரு வண்டியின் சத்தமும் கேட்டது.

இத்தனை வருஷத்தில் ஒருவன். அதைக் குறைவு என்று நான் சொல்லமாட்டேன். போதும் என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொண்டும் இருக்கமாட்டேன். உள்ளே போய்க் குடையை எடுத்துக்கொண்டு ரோட்டுக்கு இறங்கினேன்.